நொதிகளும் வெப்பநிலையும்: கேள்வி பதில்

கேள்வி: உமிழ்நீர் அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி; ஸ்டார்ச் உடைந்து தீர்ந்தால் அயோடின் நீலமாகாது) சோதனையில் 80 டிகிரி குழாயில் அயோடின் விட்டும் நீலம் வரவில்லை. அந்தச் சூட்டிலும் நொதி வேலை செய்கிறதா?

பதில்: இல்லை. ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் மறைந்து, ஆறியதும் திரும்பும். சூடான குழாய்க்குள் அயோடினை விடாதீர்கள். 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்த அயோடின் துளியில் கலந்து, ஆறவிட்டு நிறம் பாருங்கள்.

கேள்வி: என்ன அளவில் கலப்பது?

பதில்: 1% ஸ்டார்ச் 5 மி.லி., பி.எச். (அமில-கார அளவு) 6.8 பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) 1 மி.லி., பத்து மடங்கு நீர்த்த உமிழ்நீர் 1 மி.லி. ஒரு சிட்டிகை உப்பும் வேண்டும். குளோரைடு இல்லாவிட்டால் இந்த நொதி மந்தமாகிவிடும். ஸ்டார்ச்சையும் நொதியையும் தனித்தனிக் குழாயில் 5 நிமிடம் அதே வெப்பநிலையில் வைத்த பிறகே கலக்க வேண்டும். முதலிலேயே கலந்துவிட்டால், குழாய் சூடேறும் நேரத்திலேயே வினை பாதி நடந்துவிடும்.

கேள்வி: புத்தகத்தில் உகந்த வெப்பநிலை 37. எனக்கு 50 டிகிரியில்தான் வேகம் அதிகம். எங்கே தவறு?

பதில்: தவறே இல்லாமலும் இப்படி வரும். சூடு ஏற ஏற இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. மூலக்கூறுகள் வேகமாக மோதுவதால் வினை விரைவாகிறது. பல நொதிகளில் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்கு. கூடவே புரதத்தின் மடிப்பு குலைந்து நொதி செயலிழக்கிறது. இந்தச் செயலிழப்புக்கு நேரம் பிடிக்கும். ஆகவே 1 நிமிடச் சோதனையில் உச்சம் உயர்ந்த வெப்பநிலையில் விழும். அதே நொதியை 30 நிமிடம் விட்டால் உச்சம் கீழே இறங்கும். நேரத்தைச் சொல்லாமல் உகந்த வெப்பநிலையை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஆரம்ப வேகத்தை அளந்து, எத்தனை நிமிடச் சோதனை என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: பனிக்கட்டியில் வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் வினை நிற்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: அல்ல. இரண்டு குழாயையும் 37 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்தது மீண்டும் வேலை செய்யும், கொதித்தது செய்யாது. ஆனால் உறையவைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நொதி கெடும். சிறு சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள்.

கேள்வி: ட்ரிஸ் பஃபர் பயன்படுத்தலாமா?

பதில்: வெப்பநிலைச் சோதனைக்கு வேண்டாம். 25 டிகிரியில் பி.எச். 8.0 என்று அமைத்த ட்ரிஸ், 4 டிகிரியில் 8.6 அளவுக்கு ஏறிவிடும். வேகம் மாறியது வெப்பத்தாலா பி.எச்.சாலா என்று பிரித்தறிய முடியாது. பாஸ்பேட் பஃபர் இவ்வளவு அசையாது.