மறுப்பு மட்டுமே திறனின்மைக்குச் சான்றாகாது
மறதிநோயுள்ள மூதாட்டி காலை அகற்றும் அறுவைச் சிகிச்சையை மறுக்கிறார், மகனோ தாமே ஒப்புதல் தருவதாகச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பணியாற்றும் இங்கிலாந்தில் நடப்பிலுள்ள 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி (தமக்கான முடிவைத் தாமே எடுக்கும் திறன் பற்றிய சட்டம்), உடல்நலம் தொடர்பான நீடித்த அதிகாரப் பத்திரமோ (திறன் இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் ஆவணம்) நீதிமன்ற நியமனமோ இல்லாத மகனின் கையொப்பம் ஒப்புதலாகாது.

எனவே முதலில் அந்த அம்மையாரிடமே பேசுங்கள். இந்த ஒரு முடிவைப் பற்றிய தகவலை அவரால் புரிந்துகொள்ளவும், சிறிது நேரமாவது நினைவில் வைத்திருக்கவும், சீர்தூக்கிப் பார்க்கவும், தம் முடிவை ஏதேனும் ஒரு வழியில் தெரிவிக்கவும் முடிகிறதா என்று, அவர் தெளிவாக இருக்கும் வேளையில், எளிய சொற்களில் விளக்கி மதிப்பிட வேண்டும். நோயின் பெயரை வைத்தோ, அவருடைய முடிவு நமக்கு விவேகமற்றதாகத் தோன்றுவதை வைத்தோ திறனில்லை என்று தீர்மானிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. இந்த இடத்தில்தான் மருத்துவர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திறன் இருந்தால் அவருடைய மறுப்பே இறுதியானது. திறன் இல்லையெனில், முன்கூட்டியே எழுதிய செல்லத்தக்க மறுப்பு உள்ளதா என்று பார்த்துவிட்டு, அவருடைய விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் மகனிடம் கேட்டறிந்து, அவரது நலனுக்கு உகந்ததை முடிவு செய்து, காரணங்களைப் பதிவு செய்யுங்கள். கருத்து வேறுபாடு தீராவிட்டால், திறனில்லாதவர்கள் தொடர்பான வழக்குகளைத் தீர்க்கும் பாதுகாப்பு நீதிமன்றத்தை அணுகுவது குறித்து மருத்துவமனையின் சட்டப் பிரிவிடம் தாமதமின்றிப் பேசுங்கள்.