கரும்பொருள், ஹேலோ, சமநிலை: வாசகர் கேள்விகள்

"நீங்கள் ஹேலோ என்று எழுதுகிறீர்கள். எங்கள் வாத்தியார் ஒளிவட்டம் என்கிறார். எது சரி?" (பிளஸ் டூ மாணவி, பாலக்கோடு)

ஹேலோ என்றே சொல்லம்மா. கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள். ஒரு கேலக்ஸியைச் சுற்றி அது திரண்டிருப்பதுதான் ஹேலோ. சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைவதுதான் ஒளிவட்டம். இங்கே ஒளியும் இல்லை, வட்டமும் இல்லை. கொஞ்சம் நசுங்கிய உருண்டை. நம் கேலக்ஸியான பால்வெளியில் நட்சத்திரங்கள் நிறைந்த தட்டு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். அதைப் பொதிந்திருக்கும் ஹேலோ, மையத்திலிருந்து 8 லட்சம் ஒளியாண்டு வரை போகிறது.

"தட்டு மாதிரி ஹேலோவும் சுழல்கிறதா?" (அரூர்)

மிக மெதுவாக. அதைத் தாங்கி நிற்பது சுழற்சி இல்லை. கண்ட திசையில் ஓடும் துகள்களின் வேகம்.

"சமநிலைக்கு வந்ததும் ஹேலோவுக்குள் எல்லாம் நின்றுவிடும்தானே? பிறகு கேலக்ஸி எப்படி வளரும்?" (பொறியாளர், ஓசூர்)

இந்த 'நின்றுவிடும்' என்ற சொல்லோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். தராசு முள் நடுவில் நிற்பதைப் பார்த்தே பழகியதால், சமநிலை என்றதும் அசையாமை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

போன வாரம் சாயங்காலம் பாரூர் ஏரிக்கரையில் தலைக்கு மேல் ஒரு கொசுக்கூட்டம். கால் மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரே ஒரு கொசுவைக் கண்ணால் தொடர்ந்தால், விளிம்பு வரை போகிறது, சடாரென்று திரும்புகிறது, ஒரு நொடி சும்மா இல்லை. கூட்டமோ அதே பந்து அளவில் அப்படியே நிற்கிறது. ஹேலோவின் சமநிலை இதுதான்: வெளியே போவதும் உள்ளே வருவதும் சரிக்குச் சரி. கணக்கில், இயக்க ஆற்றலின் இரு மடங்கு ஈர்ப்பு நிலையாற்றலின் அளவுக்குச் சமம். அதுதான் விரியல் தேற்றம். 1933-ல் வானியலாளர் ஸ்விக்கி இதைக் கோமா என்ற கேலக்ஸிக் கொத்துக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்த நிறை போதவில்லை.

துகள்கள் ஒன்றையொன்று இடித்து இந்த நிலைக்கு வருவதில்லை. அதற்கு 1,380 கோடி ஆண்டு வயசான பிரபஞ்சத்தில் நேரம் கிடையாது. கரும்பொருள் திரண்டு உள்நோக்கிச் சரியும்போது ஈர்ப்புப் புலமே குலுங்குகிறது. அந்தக் குலுக்கலில் துகள்களின் ஆற்றல் கலைந்து பரவுகிறது. 1967-ல் லிண்டன்-பெல் விளக்கியது இது.

இனி வளர்ச்சி. கரும்பொருள் ஒளியை உமிழாது, அதனால் ஆற்றலைக் கொட்ட வழியின்றிப் பெரிய உருண்டையாகவே தங்குகிறது. வாயு வெப்பத்தை ஒளியாக உமிழ்ந்து குளிர்ந்து, நடுவில் இறங்கித் தட்டாகி, நட்சத்திரமாகிறது. ஒயிட்டும் ரீஸும் 1978-ல் தந்த இந்தச் சித்திரம்தான் இன்றும் அடித்தளம். சமநிலையில் இருக்கும் ஹேலோவுக்குள்தான் கேலக்ஸி வளர்கிறது. 'நின்றுவிடும்' வேண்டாம், தயவுசெய்து.

"கருந்துளைகள்தானே கரும்பொருள்?" (ஊத்தங்கரை)

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், பெயரில் கருமை இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பால்வெளி நடுவில் உள்ள கருந்துளை 40 லட்சம் சூரியன் நிறை. ஹேலோ 1 லட்சம் கோடி சூரியன்.

"கரும்பொருள் எடை எவ்வளவு?" (பென்னாகரம்)

எங்கே, எவ்வளவு இடத்தில்? அதை எழுதாமல் எடை கேட்காதீர்கள், எத்தனை தடவை சொல்வது! நம் சூரியனின் அக்கம்பக்கத்தைக் கேட்டிருந்தால் சொல்வேன்: பூமி அளவு இடத்தில் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ.

"காவலூர் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் ஹேலோ தெரியுமா?" (கிருஷ்ணகிரி)

எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது. நட்சத்திரமும் வாயுவும் ஓடும் வேகத்தை வைத்து ஊகிக்கிறோம். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்துக் கேலக்ஸியான ஆந்த்ரோமீடாவில் அளந்தபோது, மையத்தை விட்டு விலகிப் போயும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத நிறை அங்கே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நம் ஹேலோ முழுச் சமநிலைக்கு வந்தாயிற்றா?" (தேன்கனிக்கோட்டை)

இன்னும் இல்லை. பெரிய மெகல்லன் மேகம் (பெயர்தான் மேகம், அது ஒரு சின்னக் கேலக்ஸி) பக்கத்தில் வந்து ஹேலோவை இழுத்து அசைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஊடுருவும் பொருளை ஹேலோ பின்னால் பிடித்து இழுக்கும். 1943-ல் சந்திரசேகர் கணக்கிட்ட இயங்கு உராய்வு அது. ஜனவரி நடுவில், நிலா இல்லாத இரவு 10 மணிக்கு, தெற்கே மலை மறைக்காத மேட்டில் நின்று கையை நீட்டுங்கள். அடிவானத்துக்கு மேல் நாலு விரல் உயரத்தில் பைனாகுலரில் மங்கலான திட்டாக அந்த மேகத்தைத் தேடலாம்.