ஸ்பிண்டில் ஓடினால் மட்டும் லிமிட் அலாரம்

உங்கள் சிஎன்சி மெஷினில் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுற்றும் மோட்டார்) ஓடும்போது மட்டும் லிமிட் அலாரம் வருகிறது என்றால், சுவிட்ச் கெடவில்லை அண்ணாச்சி. என்.ஓ.வில் (அழுத்தினால் மட்டும் இணையும் வகை) மாட்டியிருக்கும் லிமிட் சுவிட்சுகளை, அதாவது அச்சு எல்லையைத் தொட்டால் நிறுத்தும் சுவிட்சுகளை, என்.சி.க்கு (அழுத்தினால் பிரியும் வகை) மாற்றி, மெஷினை இயக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் $5=1 கொடுங்கள்; லிமிட் சிக்னலைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் அமைப்பு அது.

புது வயரிங்குக்கு அப்புறம், ஸ்பிண்டில் சுற்றும்போது மட்டும் அலாரம் 1 (லிமிட் சுவிட்ச் தட்டியது என்ற எச்சரிக்கை) வருகிறது என்கிறீர்கள். ஸ்பிண்டில் மோட்டார் வயரோடு சுவிட்ச் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியதுதான் காரணமாக இருக்கும். என்.ஓ. சுவிட்சின் வயர் சும்மா திறந்து கிடக்கும்; அதை 5 வோல்ட்டில் பிடித்து வைப்பது சிப்புக்குள் இருக்கும் பலவீனமான புல்-அப் ரெசிஸ்டர் மட்டுமே. அதனால் நீள வயர் ஆன்டெனா மாதிரி மின் இரைச்சலை இழுக்கும். என்.சி. என்றால் சுவிட்சை அழுத்தாதவரை வயர் கிரவுண்டில் இருக்கும், அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

மாற்றும் முன் ஒரு சோதனை:

1. பவரை அணைத்து, போர்டு பக்கம் சுவிட்ச் வயர்களைக் கழற்றுங்கள்.
2. அச்சுகளை நகர்த்தாமல் ஸ்பிண்டிலை மட்டும் ஓட்டுங்கள். அலாரம் வராவிட்டால் குற்றவாளி வயர்தான்.

சுவிட்சுகளுக்கு ஷீல்டு கேபிள் (மேலே உலோக வலை சுற்றிய வயர்) போட்டுத் தனி வழியில் கொண்டுபோங்கள்; ஷீல்டை போர்டு முனையில் மட்டும் கிரவுண்டு செய்தால் போதும். போர்டில் சுவிட்ச் வயர் சேரும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வையுங்கள்.

பவர் இருக்கும்போது ஸ்டெப்பர் (அச்சுகளை நகர்த்தும் மோட்டார்) வயரைக் கழற்றவே கூடாது, அதை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் கெட்டுப்போய்விடும். பேட்டைப் பக்கப் பட்டறை என்கிறீர்கள், நம்மூர் சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றி, எர்த்தையும் எலக்ட்ரீசியனை வைத்து அளந்துவிடுங்கள்.