கடுதாசியை விடுங்கள், சங்கிலியைத் தேடுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: ஆடிவேல் பார்க்கக் குடும்பமாகப் பம்பலப்பிட்டி போய்த் திரும்பினால் அலுமாரியில் 7 பவுண் சங்கிலி இல்லை. ஆறு வருசமாக வீட்டோடு இருந்து வேலை செய்த ஹட்டன் பிள்ளையில் சந்தேகம். இரவு முழுக்க அறையில் பூட்டி வைத்து விசாரித்ததில் “நான்தான் எடுத்தேன்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். காலையில் அவள் அண்ணன் வந்து கூட்டிப்போய்விட்டார். அவளுடைய அடையாள அட்டையும் இரண்டு மாதச் சம்பளமும் இன்னும் அக்காவிடம். அந்தக் கடுதாசியை வைத்து அவளை உள்ளே தள்ளலாமா?

அக்கா, சொந்தப் பிள்ளை போல வைத்திருந்தீர்கள், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தீர்கள், சரி. அதெல்லாம் நீதவானுக்குத் தேவையில்லை. சங்கிலி இப்போது யார் கையில்? அதுதான் கேள்வி. களவு போன கொஞ்ச நாளிலேயே அது ஒருவரிடம் அகப்பட்டு, அவரால் சரியான விளக்கம் சொல்ல முடியாவிட்டால், அவரே எடுத்தார் அல்லது களவென்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் அதற்கு இடமுண்டு. நாள் போகப் போக அந்த ஊகம் பலமிழக்கும். செட்டியார் தெருவில் வாங்கிய பில், கழுத்தில் போட்டிருக்கும் கலியாணப் படம், இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பொலிஸுக்குப் போங்கள். 56 கிராம் தங்கம் கிடைத்தாலும் அது உங்களுடையது என்று காட்ட வேண்டுமே.

இனி அந்தக் கடுதாசி. எடுத்தேன் என்கிறதே தவிர எங்கே வைத்தாள், யாரிடம் கொடுத்தாள் என்று ஒரு வரி இல்லை, இதை நீங்களே கவனிக்கவில்லையா? இரவில் பூட்டி வைத்து வாங்கியது என்று எதிர்த்தரப்பு எழும்பி நிற்கும், வீட்டு எசமானி அதிகாரமுள்ள ஆள், மிரட்டி எழுத வைத்த ஒப்புதல் 24ஆம் பிரிவின்படி செல்லாது என்று வாதாடும், அந்த வாதம் எடுபட நிறைய இடமிருக்கிறது. பொலிஸில் வைத்துச் சொல்ல வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், பொலிஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை 25ஆம் பிரிவு உள்ளேயே விடாது. ஆனால் அதே கடுதாசி உங்களுக்கு எதிராக அழகாக வேலை செய்யும். ஒருவரை அறையில் அடைத்து வைப்பது தனிக் குற்றம், அதற்கான சாட்சியை நீங்களே திகதி போட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள். முறைப்பாடு கொடுக்கப் போனவர் கடைசியில் தனக்குப் பிணை நிற்க ஆள் தேடியதை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதனால் அடையாள அட்டையையும் சம்பளத்தையும் அண்ணனிடம் இன்றே கொடுத்து, இரண்டு சாட்சி வைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெட்கமாக இருந்தால் பரவாயில்லை, இந்தப் பகுதியைச் சமாதானமாக முடிப்பதுதான் உங்களுக்கு லாபம். “சங்கிலியைத் தா, கேஸ் போடமாட்டோம்” என்ற பேரம் மட்டும் வேண்டாம், குற்றத்தை மறைக்கப் பிரதிபலன் வாங்கியதாக அது திரும்பும்.

முறைப்பாட்டில் “காணவில்லை, இன்ன காரணத்தால் சந்தேகம்” என்று மட்டும் சொல்லுங்கள். பொலிஸார் அதைச் சிங்களத்தில் எழுதினால் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள், கொழும்பில் நம்மவர்கள் அடிக்கடி விழும் குழி அது. அலுமாரிச் சாவி இருக்கும் இடம் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்றும் கேட்பார்கள். மகன், மருமகள், ஏசி திருத்த வந்த பையன், ஒருவரையும் விடாமல் சொல்லுங்கள்.