விருந்தும் கையெழுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகம் 2017இல் துருக்கி அதிபர் எர்டோகனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தப்பு என்று எழுதியிருந்தீர்கள். வீடு தேடி வந்தவரைக் குறை சொல்வது நம் பக்கத்துப் பழக்கமா? ராஜபக்சே சாஞ்சிக்கு வந்தபோது நாமெல்லாம் கொதித்தோம், நியாயம், செத்தது நம் சனம். துருக்கிக்காரர் காரைக்குடிக்கு என்ன கெடுதல் செய்தார்? அவர் பாகிஸ்தான் பக்கம் நிற்கிறார் என்று எல்லோரும் திட்டுகிற நேரம் பார்த்து நீங்களும் சேர்ந்துகொண்டீர்களோ என்று எனக்குப் பட்டது. அந்தப் பட்டத்தைத் திரும்ப வாங்கச் சொல்கிறீர்களா?

தேவகோட்டையிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர்

அன்புள்ள அண்ணனுக்கு,

விருந்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஐயா மலேயாவுக்குக் கொண்டுவிற்கப் போய்த் திரும்பியவர். ஒருமுறை தூரத்து உறவுக்காரர் ஒருவர் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தார். இரண்டாங்கட்டில் இலை போட்டு, வெள்ளைப் பணியாரம் முதல் பாயசம் வரை ஒன்றும் குறையாமல் பரிமாறினார்கள். வெற்றிலையும் போட்டாயிற்று. பத்திரத்தை எடுத்ததும் ஐயா கையைக் கட்டிக்கொண்டார். “சோறு எத்தனை நாளைக்கு வேணும்னாலும் போடுறேன். கையெழுத்துன்னா உன் கணக்கை நான் பார்த்திருக்கணும்.” வந்தவர் கோபித்துக்கொண்டுதான் போனார், அப்புறம் ஒரு கல்யாணத்தில் பேசிக்கொண்டார்கள் என்று அப்பத்தா சொல்லுவாள்.

டெல்லிக்கு வந்த அதிபருக்கு ராஷ்டிரபதி பவனில் விருந்து கொடுத்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன், அது அரசாங்கத்தின் வேலை, நாளைக்கு வேறொருவர் வந்தாலும் கொடுப்பார்கள். டாக்டர் பட்டம் அப்படியில்லை. இவர் அறிவுலகத்துக்கு வேண்டியவர் என்று ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரில் போடும் கையெழுத்து அது. போடுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமாக இல்லை. 2016 ஜனவரியில், துருக்கியில் குர்து மக்கள் வாழும் தென்கிழக்கில் நடந்த ராணுவ நடவடிக்கையை எதிர்த்து 1,128 கல்வியாளர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். எர்டோகன் அவர்களைத் துரோகிகள் என்றார். பலர் மேல் பயங்கரவாதப் பிரச்சார வழக்கு பாய்ந்தது. (மூன்று வருடம் கழித்து, 2019இல், துருக்கியின் அரசியல் சாசன நீதிமன்றமே அந்தத் தண்டனைகள் கருத்துரிமை மீறல் என்று சொன்னது.) 2016 ஜூலையில் ராணுவத்தில் ஒரு பகுதி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தது, நிஜமாகவே ஜனங்கள் செத்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாலே நாளில் உயர்கல்வி மன்றம் நாடு முழுவதும் உள்ள 1,577 டீன்களையும் ராஜினாமா செய்யச் சொன்னது. நெருக்கடிநிலை ஆணை போட்டுப் 15 தனியார் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று, பாஸ்போர்ட்டும் போயிற்று, வெளிநாடு போய்ப் பிழைக்கவும் வழியில்லை. அக்டோபரில் துணைவேந்தர் தேர்தலை ஒழித்துவிட்டு நியமனத்தை அதிபரே கையில் எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு, 2017 மே 1 அன்று, ஒரு பல்கலைக்கழகம் அவரை மேடையேற்றி இலக்கிய முனைவர் என்கிறது! நீங்கள் நாற்பது வருடம் வகுப்பெடுத்திருப்பீர்கள், உங்களுக்கு இது உறுத்தவில்லையா அண்ணே?

ஜாமியாவுக்குத் துருக்கி மேல் உள்ள பாசம் பழையது, அது தெரியாமல் எழுதவில்லை. 1912இல் பால்கன் போரில் காயம்பட்ட துருக்கி வீரர்களுக்கு வைத்தியம் பார்க்க மருத்துவக் குழுவோடு போன டாக்டர் அன்சாரிதான் பின்னால் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆனால் 1920இல் அது பிறந்தது எதற்கு? வெள்ளைக்கார அரசின் தயவில் நடக்கும் கல்வி வேண்டாம் என்று வெளியேறியவர்களுக்காக. அந்த வம்சத்தில் வந்த பல்கலைக்கழகம், அரசு வெளியே தள்ளிய ஆசிரியர்களை விட்டுவிட்டுத் தள்ளியவருக்குப் பட்டம் கொடுத்தது என்பதுதான் எனக்குச் செரிக்கவில்லை. மாணவர்களிலும் சிலர் அப்போதே எதிர்த்தார்கள், யார் காதிலும் ஏறவில்லை.

எதிர்க்கலாம், எதிர்த்தால் நடக்கவும் செய்யும். ஆக்ஸ்போர்டு தன்னிடமே படித்த தாட்சருக்கு, அவர் பிரதமராக இருந்தபோதே, 1985இல் கௌரவப் பட்டம் இல்லை என்றது. ஆசிரியர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள், வேண்டாம் 738, வேண்டும் 319. கல்விக்கான பணத்தை வெட்டினார் என்பதுதான் அவர்கள் கோபம். ஜிம்பாப்வேயை ஆண்ட முகாபேக்கு 1984இல் பட்டம் கொடுத்த எடின்பரோ பல்கலைக்கழகம் 2007இல்தான் திரும்ப வாங்கியது, கொடுக்கும்போதே அவர் நாட்டின் மாட்டபெலேலேண்டு பகுதியில் கொலைகள் நடந்துகொண்டிருந்தன. இங்கே மட்டும் என்ன? நம் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் 1971இல் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் தடியடி நடத்தியது, குளத்தில் ஒரு மாணவரின் உடல் கிடந்தது. அந்த மரணத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

ராஜபக்சே விஷயத்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பரில் சாஞ்சியில் பௌத்தப் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்ட அவரைக் கூப்பிட்டபோது வைகோ ஆட்களோடு மத்தியப் பிரதேசம் வரைக்கும் போனார். அப்போது வடக்கே பலர் சொன்னது ஞாபகமிருக்கிறதா? “அவர் போபாலுக்கு என்ன கெடுதல் செய்தார்?” உங்கள் கேள்வியும் அதேதான், ஊர் பெயர்தான் மாறியிருக்கிறது. குர்துக்காரனுக்காக நாம் வாயைத் திறக்கமாட்டோம் என்றால் முள்ளிவாய்க்காலுக்காகப் போபால்காரன் ஏன் திறக்கணும்?

பாகிஸ்தானை வைத்து எல்லோரும் திட்டும் நேரத்தில் நானும் சேர்ந்துகொண்டேனோ என்று நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம்தான். 2025 மே மாதம், பாகிஸ்தான் மேல் இந்தியா நடத்திய ஆபரேஷன் சிந்தூர் தாக்குதலுக்குப் பிறகு துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதும் டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகம் துருக்கியின் மலாட்யா நகரிலுள்ள இனோனு பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, மறுநாள் ஜாமியாவும் துருக்கி நிறுவனங்களோடு இருந்த எல்லா ஒப்பந்தங்களையும் நிறுத்தியது. எனக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷமில்லை. அந்த ஒப்பந்தங்கள் வாத்தியாரும் மாணவனும் போய்வரும் வழி. அதிபர் மேல் கோபம் என்று அதை அடைத்தால் அடிபடுவது ஏற்கெனவே அவரிடம் அடிபட்டவர்கள்.

அதனால் பட்டத்தை இப்போது திரும்ப வாங்கச் சொல்லமாட்டேன். இன்றைக்கு வாங்கினால் பாகிஸ்தானுக்காக வாங்கியதாகத்தான் பதிவாகும், வேலை போன ஆசிரியர்கள் அதில் எங்குமே வரமாட்டார்கள். அவர்களில் நாலு பேரையாவது வருகைப் பேராசிரியராகக் கூப்பிடுங்கள் என்று ஜாமியாவில் யாராவது ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளட்டும். நீங்களும் போடுவீர்கள் என்றே நினைக்கிறேன். கணக்கைப் பார்த்த பிறகு.