கைநாட்டு அம்மாவுடையது, சம்மதம் யாருடையது?

கேள்வி: மிஸ், நான் நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் சிற்றூழியராக இருக்கிறேன். வாட்டில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லாத நேரம் டொக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். போன கிழமை தோட்டத்து அம்மா ஒருவருக்கு மார்பில் புற்றுநோய், ஒரு பக்கத்து மார்பை முழுதாக எடுக்க வேண்டும், கைக்குள் அக்குளிலும் வெட்ட வேண்டிவரும் என்று சிங்களத்தில் சொன்னார். அதற்கு முன்பே மகன் வராந்தாவில் என் கையைப் பிடித்து, "கென்சர்னு சொல்லிறாதீங்க அக்கா, பயத்துலயே போயிரும்" என்று அழுதார். ஆயிரம் ரூபாயும் திணித்தார், நான் வாங்கவில்லை. ஆனால் அம்மாவிடம் "சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிரும்" என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். "அடுத்த மாசம் மலைக்குப் போகலாமா, கூடை தூக்கலாமா?" என்று கேட்டார். போகலாம் என்றேன். சிங்களப் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். வியாழக்கிழமை ஒபரேஷன். எனக்கு நித்திரையே இல்லை. என்னைச் சிறையில் போடுவார்களா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் செய்ய வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். இதே நிலையில் மலையகத்து வாட்டுகளில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஒபரேஷனுக்கு முன் உண்மையைச் சொல்லிச் சரிசெய்துவிட்டால் சிறை என்ற பேச்சுக்கே இடமில்லை. மறைத்தபடியே அந்த அம்மாவைத் தியேட்டருக்குள் அனுப்பினால் கதை வேறு. மொழிபெயர்ப்பது உங்கள் வேலை இல்லைதான், அதற்கு உங்களுக்குப் பயிற்சியோ படியோ கிடையாது. அப்படியிருந்தும் டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேச ஒப்புக்கொண்டுவிட்டால், சரியாகச் சொல்லும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. அரச ஊழியர் என்பதால், அரச ஊழியர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின்படி ஒழுக்காற்று விசாரணையும் வரலாம். அந்த ஆயிரம் ரூபாயை வாங்காமல் விட்டது புத்திசாலித்தனம். வாங்கியிருந்தால் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தைப் பற்றியும் பேச வேண்டி வந்திருக்கும்.

சரி, அந்தக் கைநாட்டு செல்லுமா? என் கருத்தில் செல்லாது. நோயாளியின் சம்மதத்துக்கென்று எங்கள் நாட்டில் தனியாக ஒரு சட்டம் இல்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த உரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுக் கொள்கைகளை வைத்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். புத்தி தெளிவாக உள்ள, வயது வந்த ஒருவருடைய உடம்பில் கத்தி வைக்க அவருடைய சம்மதம் வேண்டும். மகனோ கணவனோ அவருக்காகச் சம்மதிக்க முடியாது. என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம். இந்த அம்மா சம்மதித்தது ஒரு சின்னக் கட்டிக்கு. மார்பு போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதில்தான் அவர் கேட்ட கூடைக் கேள்வி வருகிறது. எங்களைப் போலவே உரோமன் டச்சுச் சட்டம் உள்ள தென்னாபிரிக்காவில், 1994 இல் காஸ்டெல் எதிர் டி கிரீஃப் என்ற வழக்குத் தீர்க்கப்பட்டது. அதுவும் மார்புச் சத்திரசிகிச்சை பற்றியதுதான். வைத்தியர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்கள் என்பது அளவுகோல் அல்ல, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் முடிவெடுக்க எது முக்கியமோ அதைச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். எங்கள் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம். கைக்குள் வெட்டினால் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம், பாரம் தூக்க முடியாமல் போகலாம். கொழும்பில் மேசையில் வேலை செய்யும் ஒருவருக்கு அது சின்ன விஷயமாகப் படலாம். கூடையைத் தலையில் மாட்டி நாளெல்லாம் கொழுந்து பறிப்பவருக்கு அதுதான் முதல் விஷயம். அவர் வேறு எதையும் கேட்கவில்லை, இதைத்தான் கேட்டார். அதற்கும் பொய்தான் கிடைத்தது.

டொக்டரும் கையைக் கழுவிவிட முடியாது. சம்மதம் வாங்குவது அவர் பொறுப்பு. அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரச கரும மொழி. நுவரெலியாவும் அம்பகமுவவும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. கிடைக்காவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் கைநாட்டு வைப்பவருக்கு எந்த மொழிப் படிவமும் ஒன்றுதான், வாயால் சொல்வதுதான் அவருக்குப் படிவம்.

மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்களும் அதைத்தான் செய்தோம். என் அம்மாயியை "வயித்துப்புண்ணுக்கு மருந்து எடுக்க" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினோம். இறங்குகிற நேரம் கொண்டக்டர் "மஹரகம, மஹரகம" என்று கத்தினான். எங்கள் தோட்டத்தில் அந்த ஊர்ப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான், கென்சர் ஆஸ்பத்திரி. அம்மாயி என்னை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு தன் வருத்தத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த அம்மாவையும் நாளைக்கு ஒரு கிளினிக் கொப்பியோ பக்கத்துக் கட்டில்காரரோ அறியவைத்துவிடும்.

தெரியாமலே இருந்துவிடும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. நோயாளர் உரிமைகள் பற்றிய உலக வைத்தியர் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனம் அதை ஏற்கிறது, ஆனால் நோயாளி தானே வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டும். "உங்க வருத்தத்தைப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லட்டுமா, மகன்கிட்ட சொன்னா போதுமா?" என்று டொக்டர் கேட்கட்டும். மகனிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னால், நோயின் பெயரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மார்பை எடுப்பதையும் கைக்கு வரக்கூடியதையும் அப்போதும் விட முடியாது.

உங்களிடம் போனில் சொன்னது இதுதான். காலையில் டொக்டர் வாட்டுக்கு வருவதற்கு முன் வாட்டுக்குப் பொறுப்பான தாதி சிஸ்டரிடம் போங்கள், அப்புறம் இருவருமாக டொக்டரிடம். நீங்கள் என்ன சொன்னீர்கள், அம்மா என்ன கேட்டார் என்பதை வார்த்தை மாறாமல் சொல்லுங்கள். அம்மாவிடம் நீங்களாகப் போய்க் கட்டிலருகே எதையும் உடைக்க வேண்டாம். இரண்டாம் முறை வேறொருவர் மொழிபெயர்க்கட்டும், மகனும் அதை முன்கூட்டியே அறிந்திருக்கட்டும். நடந்ததெல்லாம் கட்டில் டிக்கட்டில், அதாவது நோயாளியின் வாட்டுப் பதிவேட்டில், எழுதப்பட வேண்டும். சம்மதித்தால் புதுப் படிவம், யோசிக்க நாள் கேட்டால் வியாழக்கிழமை தள்ளிப்போகட்டும்.

பழைய படிவத்தை யாராவது கிழித்துப்போடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மேலே கோடு போட்டுத் திகதி எழுதி, டிக்கட்டோடு கோர்த்துவைக்கச் சொல்லுங்கள்.