கீழ்த்தளத்தில் அறைகள்: அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பிரிஸ்பேன் நகரின் வடபுறத்தில், 1950களில் கட்டப்பட்டு ஸ்டம்புகள் எனப்படும் தூண்களின் மேல் நிற்கும் மர வீடு ஒன்றை வாடகைக்கு விடுவதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். மேலே மூன்று படுக்கையறைகளும் ஒரு குளியலறையும் உள்ளன. கீழே கான்கிரீட் தளம் இருக்கிறது. அங்கே வாஷிங் மெஷினும் பழைய சாமான்களும்தான் கிடக்கின்றன. தளத்திலிருந்து மேல்மாடியைத் தாங்கும் மரச் சட்டங்களின் அடிப்பகுதி வரை 2.34 மீட்டர் உயரம் இருக்கிறது. தெரிந்த தச்சர் ஒருவர், அனுமதி எதுவும் தேவையில்லை, ஒரு மாதத்தில் மூன்று அறைகள் அமைத்துத் தருகிறேன் என்கிறார். ஆறு படுக்கையறை வீடாகிவிட்டால் வாடகையும் விலையும் நன்றாக உயரும் அல்லவா?
— வாசகர், பிரிஸ்பேன்

பதில்: உயரும்தான், ஆனால் அவை சட்டப்படி படுக்கையறைகளாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியுள்ள அளவை வைத்துப் பார்த்தால் அவை அப்படி ஆகமாட்டா. ஆஸ்திரேலியக் கட்டட விதிகளின்படி மனிதர் தங்கும் அறைக்குக் கூரை உயரம் 2.4 மீட்டர் இருக்க வேண்டும். குளியலறை, சலவையறை, நடைவழி ஆகியவற்றுக்கு 2.1 மீட்டர் போதும். இந்த 2.4 மீட்டரைத்தான் குயின்ஸ்லாந்தில் வீடு வாங்குபவர்களும் விற்பவர்களும் ‘லீகல் ஹைட்’ என்று சொல்கிறார்கள். வேலை முடிந்தபின் தரைக்கும் கூரைக்கும் இடையே மிஞ்சும் உயரமே கணக்கில் வரும். உங்கள் 2.34 மீட்டரில் கூரைப் பலகையும் தரை ஓடும் சேர்ந்தால் 2.3 மீட்டர்கூடத் தேறுவது கடினம். மரச் சட்டங்களுக்குக் கீழே குறுக்கே ஓடும் பெரிய உத்தரங்களின் அடியிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கே இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

அனுமதி தேவையில்லை என்ற தச்சரின் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சாமான் வைக்கும் இடத்தைத் தங்கும் அறையாக மாற்றுவதற்குக் கட்டட அனுமதி கட்டாயம் வேண்டும். உரிமம் பெற்ற சர்டிஃபையர், அதாவது கட்டடச் சான்றளிப்பவர், வரைபடத்தைப் பார்த்து அதை வழங்குவார், வேலை முடிந்ததும் இறுதிச் சான்றிதழும் தருவார். அந்தச் சான்றிதழ் இல்லாத அறையைப் பின்னாளில் விற்பனை விளம்பரத்தில் படுக்கையறை என்று குறிப்பிட முடியாது. ‘யூட்டிலிட்டி ரூம்’, ‘மல்டி பர்ப்பஸ் ரூம்’ என்று சுற்றிவளைத்து எழுதப்படும் அறைகள் பெரும்பாலும் இந்த வகையே. வாங்குபவர்களுக்கும் அவர்களுக்குக் கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளருக்கும் இந்தச் சொற்களின் பொருள் நன்றாகத் தெரியும். அதனால் அறை கட்டிய செலவு உங்களுடையதாகவே நின்றுவிடும்.

உயரத்தைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. வீடு முழுவதையும் ஜாக்கிகளால் தூக்கி, புதிய தூண்களின் மேல் நிறுத்துவது ஒன்று. பழைய தளத்தை உடைத்து, மண்ணைத் தோண்டி, தாழ்வாகப் புதிய தளம் போடுவது மற்றொன்று. தூக்குவது பெருஞ்செலவு என்றாலும், இங்குள்ள மர வீடுகளுக்கு அது புதிதன்று. அதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. தோண்டுவது செலவு குறைந்த வழி போலத் தோன்றும். ஆனால் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தரை தாழ்ந்துவிட்டால் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த வழியானாலும் புதிய தளம் போடுவதில் ஒரு நன்மை உண்டு: பழைய தளங்கள் பலவற்றின் அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு இருக்காது, புதிதாகத் தளம் போடும்போது அதையும் கரையான் தடுப்பையும் முறையாகச் செய்துகொள்ளலாம். உங்கள் வீடு 1946க்குப் பிறகு கட்டப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய மரபுத் தோற்ற வீடுகளுக்கு மாநகராட்சி விதிக்கும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் உங்களைத் தொடமாட்டா.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பார்க்க வேண்டியது வெள்ளம். பிரிஸ்பேன் ஆறு நகர அளவுகோலில் 1974இல் 5.45 மீட்டரும், 2011இல் 4.46 மீட்டரும், 2022இல் 3.85 மீட்டரும் உயர்ந்தது. ஆற்றிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்று நினைத்திருந்த பலரை 2022இல் சிற்றோடைகளே நனைத்தன. மாநகராட்சியின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் ‘ஃப்ளட்வைஸ்’ அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். தங்கும் அறையின் தரை இருக்க வேண்டிய குறைந்தபட்ச மட்டம் உங்கள் கீழ்த்தளத்துக்கு மேலே இருந்தால், திட்டத்தை அங்கேயே கைவிடுவது நல்லது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் காற்றோட்டத்துக்காகவும், கரையானைத் தவிர்க்கவும், நீர் ஓடவும் இடம் விட்டே கீழ்ப்பகுதியைத் திறந்து வைத்தார்கள். நாம்தாம் அதை வீணான இடம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உயரமும் வெள்ளமும் தடையில்லை என்றாகிவிட்டால், மூன்று அறைகள் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். ஆறு படுக்கையறைகளுக்கு ஒரே குளியலறை என்றால் எந்தக் குடும்பம் குடிவரும்? இரண்டு நல்ல அறைகள், ஒரு குளியலறை, ஒழுங்கான சலவையறை என்று அமைத்து, வீட்டுக்குள்ளேயே படிக்கட்டும் வைத்தால் வாடகைக்கும் விற்பனைக்கும் அது மதிப்பாக இருக்கும். படிக்கட்டுக்காக மேலே கொஞ்சம் இடம் போகும். இருந்தாலும் மழையில் வெளியே இறங்கித்தான் படுக்கைக்குப் போக வேண்டும் என்றால் அது தனி வீடு போலாகிவிடும். கீழே சமையலறையும் வைத்தால் சட்டத்தின் பார்வையிலேயே தனிக் குடியிருப்பாகி வேறு விதிகள் வந்து சேரும்.

சன்னல்களை வரைபடத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். வெளிச்சத்துக்காகத் தரைப்பரப்பில் 10 சதவீதமும், காற்றுக்காகத் திறக்கக்கூடிய பகுதி 5 சதவீதமும் வேண்டும். 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர் கண்ணாடி, அதில் பாதி திறக்க வேண்டும் என்பது கணக்கு. மனையின் எல்லைக் கோட்டுக்கு 900 மில்லிமீட்டருக்குள் சுவர் வந்தால் தீத்தடுப்பு விதி குறுக்கிடும் என்பதால், அந்தப் பக்கம் சாதாரணச் சன்னல் கிடையாது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவி, வாடகை வீடுகளுக்கு 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். வீட்டின் வயதைப் பார்த்தால், பழைய சுவர்த் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. இது பழுதுபார்ப்பு ஆகாது, மேம்பாடு. எனவே முழுச் செலவையும் வருமானத்திலிருந்து ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 2.5 சதவீதமாக 40 ஆண்டுகளுக்குக் கழிக்கலாம். 80,000 டாலர் செலவழித்தால் ஆண்டுக்கு 2,000 டாலர் கழிவு கிடைக்கும்.

கேள்வி: நான் வாங்கிய வாடகை வீட்டில் முந்தைய உரிமையாளரே அனுமதியின்றிக் கீழே ஓர் அறை கட்டியிருக்கிறார். உயரம் 2.2 மீட்டர். குடியிருப்பவரின் மகன் அங்கேதான் தூங்குகிறான். என்ன செய்வது?
— வாசகி, இப்ஸ்விச்

பதில்: விதிகளுக்கு உட்பட்ட வேலையாக இருந்தால், கட்டியபின்னும் சர்டிஃபையர் வழியாக அனுமதி கேட்கலாம். 2.2 மீட்டருக்கு அந்த வழி எளிதில் திறக்காது. உயரத்தை மாற்றினால்தான் உண்டு. கட்டியவர் வேறொருவர் என்பதால் பொறுப்பு உங்களை விட்டுப் போய்விடாது. குடியிருப்பவரிடம் உண்மையைச் சொல்லி, பையனின் கட்டிலை மேலே மாற்றச் செய்யுங்கள். அறையைப் படுக்கையறையாகக் கணக்கிட்டு வாடகை வாங்கியிருந்தால் அதையும் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இவை எல்லாம் முடியும்வரை காத்திராமல், கீழ்த்தளத்தில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதை இந்த வாரமே பாருங்கள்.